கொதிக்கும் பம்பரம்

சூரியன் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவர எத்தனை நாள் ஆகும்? பள்ளி வினாடி வினாவில் கேட்கிற எளிய கேள்விதான். ஆனால் விடை தேடி நாலு புத்தகத்தைப் புரட்டினால் தலை சுற்றும். ஒன்றில் 25 நாள், இன்னொன்றில் 27 நாள், மூன்றாவதில் 35 நாள் என்று இருக்கும். "எதும்மா சரி?" என்று பிள்ளை வந்து கேட்டால் அச்சுப்பிழை என்று சொல்லித் தப்பித்துவிடலாம் போலிருக்கும். ஆனால் அது அச்சுப்பிழை இல்லை. மூன்றும் சரிதான்.

27 நாள் விவகாரத்தை முதலில் முடித்துவிடுவோம், அது வெறும் பார்வைக் கோளாறு. சூரியன் சுற்றுகிற அதே திசையில் பூமியும் அதை வலம் வருகிறது. சூரியன் மேல் இருக்கும் ஒரு புள்ளி முழுச் சுற்று முடித்து வருவதற்குள் நாம் கொஞ்சம் தள்ளிப் போயிருப்போம். அது மறுபடி நமக்கு நேராக வந்து நிற்கக் கூடுதலாக இரண்டு நாள் பிடிக்கும். 12 மணிக்கு ஒன்றாக நின்ற கடிகார முட்கள் மறுபடி சேர ஒரு மணி நேரம் போதாமல் இன்னும் ஐந்து நிமிடம் ஆகிறதே, அதே கதை.

மீதி இரண்டு எண்களில்தான் உண்மையான புதிர் இருக்கிறது. சூரியனின் நடுக்கோட்டில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 25 நாள், துருவங்களை ஒட்டிய பகுதியில் ஏறத்தாழ 35 நாள். ஒரே உருண்டையின் இடுப்பு முந்துகிறது, தலையும் காலும் பின்தங்குகின்றன. குயவர் சக்கரத்தில் இப்படி நடக்காது. அதன் விளிம்பில் வைத்த பொட்டும் நடுவே வைத்த பொட்டும் ஒரே நேரத்தில் சுற்றை முடிக்கும். பூமியும் அப்படித்தான், உதகையில் ஒரு நாள் என்றால் ஓஸ்லோவிலும் ஒரு நாள்தான்.

சூரியன் கெட்டிப் பொருள் இல்லை, வாயு உருண்டை, அதனால் அப்படிச் சுற்றுகிறது என்று ஒரு பதில் உண்டு. பல நூல்கள் அத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. எனக்கு அது பதிலாகவே படவில்லை. வாயு என்றால் வெவ்வேறு வேகத்தில் சுற்ற *முடியும்* என்பது மட்டும்தான் அதற்குப் பொருள். ஏன் சுற்றுகிறது, அதிலும் இடுப்பு ஏன் முந்துகிறது என்பதை அது சொல்வதில்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் சூரியனுக்குள் ஓயாமல் நடக்கும் கொதிப்பைப் பார்க்க வேண்டும்.

ரெட்ஹில் வீட்டுத் திரை

இந்தப் புதிரை எண்களாக மாற்றியவர் ரிச்சர்ட் கேரிங்டன் என்ற ஆங்கிலேயர். பீர் வடிக்கும் ஆலை வைத்திருந்தவரின் மகன். லண்டனுக்குத் தெற்கே ரெட்ஹில் என்ற ஊரில் சொந்தச் செலவில் வீடும் வானாய்வுக்கூடமும் கட்டிக்கொண்டார். தொலைநோக்கி வழியாகச் சூரியனின் பிம்பத்தைத் திரையில் விழவைத்து, அதில் தெரிந்த கரும்புள்ளிகளின் இடத்தை 1853 முதல் 1861 வரை, வெயில் அடித்த நாளெல்லாம் குறித்தார். நடுவில் தந்தை இறந்துபோக, ஆலையையும் அவரே பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. புள்ளி குறிப்பது மட்டும் நிற்கவில்லை.

புள்ளிகள் நகர்வதை அவருக்கு இரண்டு நூற்றாண்டுக்கு முன்பே கலிலியோ பார்த்திருந்தார். நடுக்கோட்டருகே புள்ளிகள் சற்று வேகமாக நகர்வதாக ஷைனர் என்ற ஜெசூட் பாதிரியாரும் 1630இல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருந்தார். ஆனால் எந்த அட்சரேகையில் எவ்வளவு வேகம் என்று ஒரு விதி போல எழுத முடிந்தது கேரிங்டனின் எட்டு ஆண்டுக் குறிப்புகளால்தான். நடுக்கோட்டிலிருந்து வடக்கேயோ தெற்கேயோ விலக விலக வேகம் சீராகக் குறைந்தது. இன்றைக்கும் சூரியச் சுற்றுகளை வானியலாளர்கள் 'கேரிங்டன் சுற்று' என்றே எண்ணுகிறார்கள்.

நம் கொடைக்கானலுக்கும் இதில் பங்குண்டு. அங்குள்ள சூரிய வானாய்வுக்கூடத்தில் 1904 முதல் சூரியனின் படங்கள் எடுக்கப்பட்டு வருகின்றன. நூறாண்டுக்கு மேலான அந்தப் படத்தட்டுகள் இப்போது கணினிக்குள் ஏறிவிட்டன. அவற்றின் புள்ளிகளைத் தொடர்ந்துபோய் அளந்தபோதும் அதே முடிவுதான் கிடைத்தது.

புள்ளிகளை நம்புவதில் ஒரு சங்கடம் உண்டு. அவை நடுக்கோட்டுக்கு இருபுறமும் சுமார் 35 பாகைக்குள்தான் பெரும்பாலும் தோன்றும், துருவத்துப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. அந்தக் குறையைத் தீர்த்தவர் சுவீடனின் டூனேர். சூரியனின் ஒரு விளிம்பு நம்மை நோக்கி வரும், மறு விளிம்பு விலகிப் போகும். வருகிற பக்கத்து ஒளி துளி நீலமாகவும் போகிற பக்கத்து ஒளி துளி சிவப்பாகவும் மாறும். 1880களின் பிற்பகுதியில் இந்த நிறமாற்றத்தை அளந்தே, புள்ளிகள் இல்லாத அட்சரேகைகளிலும் சுழற்சியை அவர் கணித்தார். துருவத்தை நெருங்க நெருங்க வேகம் இன்னும் குறைந்துகொண்டே போனது.

இந்த நடத்தையை 'மாறுவேகச் சுழற்சி' என்று அழைப்போம்.

உலையில் வெந்த குருணை

சூரியனின் ஆரம் ஏறத்தாழ 7 லட்சம் கிலோமீட்டர். நடுவில் ஒன்றரைக் கோடி டிகிரி வெப்பத்தில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைகின்றன. அங்கே பிறக்கும் ஆற்றல் முதல் 5 லட்சம் கிலோமீட்டரை ஒளியாகவே கடக்கிறது, திக்கித் திணறி, அணுவுக்கு அணு முட்டிமோதிக்கொண்டு. அதற்குமேல் வெப்பம் 20 லட்சம் டிகிரிக்கும் கீழே இறங்கிவிடுவதால் வாயு ஒளியை எளிதில் விடாமல் விழுங்கத் தொடங்குகிறது. ஆற்றலுக்கு வழி அடைபடுகிறது. கீழே சூடேறிய வாயு லேசாகி மேலே கிளம்புகிறது. மேலே போய் வெப்பத்தை உமிழ்ந்து, குளிர்ந்து, கனத்துக் கீழே விழுகிறது. அடுப்பில் வைத்த உலைத் தண்ணீர் செய்வதும் இதைத்தான். பாடப்புத்தகம் இதை வெப்பச்சலனம் என்கிறது. நான் பல இடங்களில் கொதிப்பு என்றே சொல்லப்போகிறேன். தண்ணீர் போல ஆவிக்குமிழி எதுவும் இதில் இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஆக, சூரியனின் வெளிப்புறம் 2 லட்சம் கிலோமீட்டர் தடிமனுக்கு ஒரு கொதிக்கும் போர்வை. நல்ல தொலைநோக்கியில் அதன் மேற்பரப்பைப் பார்த்தால் குருணைக் கஞ்சி வெந்துகொண்டிருப்பது போலத் தெரியும். ஒவ்வொரு மணியின் நடுவிலும் சூடான வாயு ஏறுகிறது, ஓரத்துக் கருங்கோடுகளில் குளிர்ந்தது இறங்குகிறது. இவற்றுக்குக் குருணை என்றே பெயர் வைக்கலாம். ஆனால் ஒரு குருணையின் அகலம் ஏறத்தாழ 1000 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து சென்னையைத் தாண்டும். அது பிறந்து மறையச் சுமார் பத்து நிமிடம்தான் ஆகும்.

குருணைகளுக்கு மேலே இன்னொரு ஒழுங்கும் உண்டு. சுமார் 30,000 கிலோமீட்டர் அகலமுள்ள பெருங்குருணைகள். இவற்றின் ஆயுள் ஏறத்தாழ ஒரு நாள். இன்னும் ஆழத்தில், கண்ணுக்கு எட்டாமல், போர்வையின் முழுத் தடிமனுக்கும் நீளும் பெரும் ஓட்டங்கள் இருக்க வேண்டும் என்று கணக்குகள் சொல்கின்றன. நம் புதிரின் சூத்திரதாரி அவைதான்.

முதலில் ஒரு தப்புக் கணக்கு

அலுவலகத்துச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, இரு கைகளிலும் தண்ணீர் பாட்டிலைப் பிடித்தபடி சுற்றிப் பாருங்கள். கையை விரித்தால் வேகம் குறையும், மடக்கினால் கூடும். அச்சிலிருந்து பொருள் விலகினால் சுழற்சி தளரும் என்பது விதி. சுழலும் பொருள் தன்னோடு எடுத்துச் செல்லும் இந்த மாறாத இருப்புக்குக் கோண உந்தம் என்று பெயர். இந்த அத்தியாயத்தில் அதைச் 'சுழல் இருப்பு' என்போம், கைவசம் இருக்கும் பணம் மாதிரி.

இப்போது சூரியனுக்குள் ஒரு வாயுத் திரளைப் பின்தொடர்வோம். அது நடுக்கோட்டுத் தளத்தில், கொதிக்கும் போர்வையின் அடியில் இருக்கிறது. அச்சிலிருந்து 5 லட்சம் கிலோமீட்டர். அங்கே ஒரு சுற்றுக்கு 27 நாள் என்று வைத்துக்கொள்வோம், உண்மையும் கிட்டத்தட்ட அதுதான். அதாவது மணிக்கு ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் வேகம். சூடேறிய அந்தத் திரள் மேலே கிளம்பி, அச்சிலிருந்து 7 லட்சம் கிலோமீட்டரில் இருக்கும் மேற்பரப்பை அடைகிறது. வழியில் யாரிடமும் கொடுக்கவில்லை, வாங்கவில்லை. தூரம் 5-லிருந்து 7 ஆகக் கூடியதால் அதன் வேகம் அதே விகிதத்தில் இறங்கி மணிக்குச் சுமார் 3,500 கிலோமீட்டர் ஆகும். வேகம் குறைந்தது மட்டுமில்லை, சுற்ற வேண்டிய வட்டமும் பெரிதாகிவிட்டது. ஒரு சுற்றுக்கு இப்போது 53 நாள் ஆகும்.

ஆனால் நடுக்கோட்டு மேற்பரப்பில் உண்மையில் அளந்த வேகம் மணிக்கு சுமார் 7,300 கிலோமீட்டர். நம் கணக்கைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

சரி, கீழிருந்து மேலே இல்லாமல் பக்கவாட்டில் கலக்கிப் பார்ப்போம். 60 பாகை அட்சரேகையில் இருக்கும் வாயு அச்சுக்கு மூன்றரை லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அது நடுக்கோட்டுக்கு நகர்ந்து வந்தால் தூரம் இருமடங்கு. ஒரு சுற்றுக்கு ஆகும் காலம் நான்கு மடங்கு. இப்படிப் பார்த்தாலும் நடுக்கோடுதான் எல்லாவற்றையும்விட மந்தமாகச் சுற்ற வேண்டும். கரண்டி விட்டு நன்றாகக் கலக்கிய எந்த வாயு உருண்டையும், இருப்பை எல்லாருக்கும் சமமாகப் பங்கிட்டுவிட்டு, இடுப்பு மந்தமாகவும் துருவம் வேகமாகவும் சுற்றும்.

சூரியன் அதற்கு நேர் எதிர். பணக்காரரிடமே மேலும் பணம் சேர்வது போல, ஏற்கனவே அதிக இருப்புள்ள நடுக்கோட்டுக்கே இன்னும் இருப்பு போய்ச் சேர்கிறது. அப்படியானால் அங்கே நடப்பது வெறும் கலக்கல் இல்லை. கொதிப்பு ஏதோ ஒரு விதத்தில் பொருளைப் பிரித்து, வேகத்தை ஒரு பக்கமாகச் சுமந்து கொண்டுபோய்க் கொட்டுகிறது.

பத்து நிமிடமும் இருபத்து மூன்று நாளும்

ஓடும் குடை ராட்டினத்தில் எதிரெதிரே உட்கார்ந்த இரண்டு பிள்ளைகள் பந்து எறிந்து விளையாடினால் பந்து குறி தவறிப் பக்கவாட்டில் வளைந்து போவதாக அவர்களுக்குத் தோன்றும். ராட்டினம் நகர்ந்ததால் வந்த வளைவு அது. சுழலும் உலகில் நகரும் எதற்கும் இந்தப் பக்கவாட்டுத் தள்ளல் உண்டு. பள்ளியில் கொரியாலிஸ் விசை என்று படித்திருப்பீர்கள். வங்கக் கடலில் புயல்கள் எப்போதும் இடஞ்சுழியாகவே சுழல்வது இதனால்தான்.

ஆனால் டம்ளரில் காபியை ஆற்றும்போது இந்தத் தள்ளலை நாம் கவனிப்பதில்லை. பூமி ஒரு சுற்று முடிக்க ஒரு நாள் ஆகும், காபி ஆற அரை நிமிடம். அதற்குள் பூமி திரும்பியது ஒரு பொருட்டே இல்லை. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: ஒரு ஓட்டம் தன் வேலையை முடிக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது, அதற்குள் உலகம் எவ்வளவு திரும்புகிறது?

சூரியனில் போட்டுப் பார்ப்போம். குருணையின் ஆயுள் பத்து நிமிடம். அதற்குள் சூரியன் திரும்புவது ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு. தன் உலகம் சுழல்கிறது என்பதே குருணைக்குத் தெரியாது. பெருங்குருணைக்கு ஒரு நாள், சூரியன் 14 பாகை திரும்பிவிடும். கொஞ்சம் உறைக்கும். பெருங்குருணைகளின் ஓட்டத்தில் லேசான சுழிப்பு இருப்பதை அளந்தும் இருக்கிறார்கள்.

ஆழத்து ஓட்டங்கள் வேறு ரகம். போர்வையின் அடியில் வாயுவின் அடர்த்தி தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கு. மேற்பரப்பிலோ அதைவிடப் பத்து லட்சம் மடங்கு குறைவு, நாம் சுவாசிக்கும் காற்றைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெலிது. கீழேயும் மேலேயும் கடத்த வேண்டிய வெப்பம் ஒன்றே. மெலிந்த வாயு அதைச் சுமக்க வினாடிக்கு ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் வேகத்தில் ஓட வேண்டியிருக்கிறது. கனத்த வாயுவுக்கு அந்த அவசரம் இல்லை. வினாடிக்கு 100 மீட்டர் போனால் போதும். அந்த வேகத்தில் 2 லட்சம் கிலோமீட்டரைக் கடக்க 23 நாள். அதற்குள் சூரியன் கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்றே முடித்துவிடும். இந்த ஓட்டத்தைப் பொறுத்தவரை சுழற்சிதான் எசமானன்.

சுழற்சி கொதிப்பைத் திசை திருப்புவது மட்டுமில்லை, கட்டிப்போடவும் செய்யும். கீழிருந்து சூடாகும் ஒரு திரவத் தட்டைச் சுழலவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டவர்களில் முக்கியமானவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். வெள்ளைக் குள்ள விண்மீன்களின் எடைக்கு அவர் வகுத்த வரம்பைத்தான் நாம் பேசிக்கொண்டே இருக்கிறோம். 1950களில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவர் இந்தத் திரவக் கணக்குகளில் மூழ்கிக் கிடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சுழற்சி கூடக் கூட, கொதிப்பைத் தொடங்கிவைக்கவே மேலும் மேலும் சூடு தேவைப்படும் என்று அவர் காட்டினார். அதே பல்கலைக்கழகத்தில் சுழலும் பாதரசத் தட்டை வைத்துச் செய்த சோதனைகள் அவர் கணக்குக்கு ஒத்துவந்தன.

வாழைச்சீப்பு

வேகமாகச் சுழலும் தண்ணீர்த் தொட்டியில் ஒரு சொட்டு மை விட்டால் அது கண்டபடி கலங்காது. சுழலும் அச்சுக்கு இணையாக நெட்டுக்குத்தாய், மெல்லிய திரைச்சீலை போல நிற்கும். ஜெஃப்ரி டெய்லர் கேம்பிரிட்ஜில் 1920களில் செய்துகாட்டிய சோதனை இது. சுழலும் திரவம் தூண்தூணாக நகரவே விரும்புகிறது.

இதைச் சூரியனுக்குள் கொண்டுபோங்கள். ஆழத்தில் மெதுவாகப் புரளும் வாயுவும் வடக்கு தெற்காக நீளும் தூண்களாக அடுக்கிக்கொள்ள முயலும். உருண்டைக்குள் அடங்க வேண்டியிருப்பதால் தூண் வளைந்துவிடும். ஆரஞ்சுப் பழத்தைச் சுற்றி ஒரு சீப்பு வாழைப்பழத்தை நெருக்கி அடுக்கினால் எப்படி இருக்கும்? ஆராய்ச்சியாளர்களும் இவற்றை வாழைப்பழ ஓட்டங்கள் என்றே அழைக்கிறார்கள், நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு பழமும் தன் நீளவாக்கு அச்சில் உருள்கிறது. ஒரு பழத்துக்கும் அடுத்த பழத்துக்கும் இடையே ஒரு சந்தில் வாயு வெளியே ஏறுகிறது, அடுத்த சந்தில் உள்ளே இறங்குகிறது.

உருளை நேராக நின்று உருண்டால் பயன் ஒன்றுமில்லை. ஏறுகிற வாயு எடுத்துப்போகும் இருப்பை இறங்குகிற வாயு திருப்பிக் கொண்டுவந்துவிடும். ஆனால் உருண்டையின் வளைவால் வெளி ஓரத்தில் தூண் குட்டையாகிறது, அங்கே உருளையின் நகர்வு வேகம் பிடிக்கிறது. உள் ஓரம் பின்தங்குகிறது. விளைவாக ஓட்டம் முழுவதும் சுழலும் திசையில் முன்பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. சாய்ந்த பாதையில் வெளியே போகும் வாயு, போகிற போக்கில் முன்னோக்கியும் ஓடுகிறது. உள்ளே திரும்பும் வாயு பின்னோக்கி ஓடியபடி வருகிறது.

சந்தைக்குப் போகும் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் போகிறவர்களும் வருகிறவர்களும் எண்ணிக்கையில் ஒன்றுதான், ஊரில் ஆள் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. ஆனால் போகிறவர் தலையில் நிறைகூடை, வருகிறவர் தலையில் வெறுங்கூடை. சரக்கு ஊரிலிருந்து சந்தைக்கு நகர்ந்துகொண்டே இருக்கிறது. சூரியனிலும் ஏறும் வாயுவும் இறங்கும் வாயுவும் எடையில் சமம்தான். ஏறுவது முன்னோட்ட வேகத்தைச் சுமந்து போகிறது, இறங்குவது மந்தத்தைக் கொண்டுவருகிறது. துருவப் பக்கத்திலிருந்தும் ஆழத்திலிருந்தும் சுழல் இருப்பு கறந்து எடுக்கப்பட்டு நடுக்கோட்டு மேற்பரப்பில் குவிகிறது. இடுப்பு முந்துவது இப்படித்தான்.

இந்தச் சாய்வுக்கு இறங்கும்போது நசுங்கும், ஏறும்போது விரியும் வாயுவின் குணமும் கைகொடுக்கிறது. அது நீண்ட கதை, விட்டுவிடுவோம்.

நம் தப்புக் கணக்கை முழுக்கத் தூக்கி எறியவும் வேண்டாம். மேற்பரப்பை ஒட்டிய கடைசி 35,000 கிலோமீட்டரில், சுழற்சியைச் சட்டை செய்யாத அவசர ஓட்டங்களின் ஆட்சி. அங்கே வாயு தன் இருப்பை மாற்றாமல் ஏறி இறங்க முயல்கிறது. ஆகவே மேலே வர வர உண்மையிலேயே தளர்கிறது. அந்த அடுக்கின் அடிப்பகுதி மேற்பரப்பைவிடச் சுமார் 5 சதவீதம் வேகமாகச் சுற்றுகிறது. கரும்புள்ளிகள் தம்மைச் சுற்றியுள்ள வாயுவைவிடச் சற்று முந்தி ஓடுவதையும் இதோடு சேர்த்துப் புரிந்துகொள்ளலாம், அவற்றின் வேர் கொஞ்சம் ஆழத்தில் பிடித்திருக்கிறது.

பானையைத் தட்டிப் பார்ப்பது

உள்ளே போய்ப் பார்க்க முடியாத இடத்தைப் பற்றி இத்தனை துணிவாக எப்படிப் பேசுவது? மண்பானை வாங்கும்போது நாம் செய்வதுதான். தட்டி ஓசையைக் கேட்பது.

சூரியனைத் தட்ட வேண்டியதில்லை, கொதிப்பே அதை ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் ராபர்ட் லெய்ட்டனும் உடன் பணியாற்றியவர்களும், சூரியப் பரப்பு சுமார் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மேலும் கீழுமாக விம்முவதைக் கண்டார்கள். சூரியனுக்குள் மாட்டிக்கொண்ட ஒலியலைகளின் வேலை அது என்று பத்தாண்டு கழித்துத்தான் புரிந்தது. சில அலைகள் மேலோட்டமாகப் போய்த் திரும்பும், சில ஆழம் வரை இறங்கும். சூரியன் சுழலும் திசையில் போகும் அலையை வாயு தூக்கிக்கொண்டு போகும், எதிர்த்திசை அலையைப் பின்னுக்கு இழுக்கும். ஆற்றோடு போகும் பரிசலுக்கும் எதிரேறும் பரிசலுக்கும் உள்ள வித்தியாசம்தான். அந்த வித்தியாசத்தை அளந்தால் எந்த ஆழத்தில் ஆறு எத்தனை வேகத்தில் ஓடுகிறது என்று பிரித்துவிடலாம். இந்தத் துறைக்குச் சூரிய அதிர்வியல் என்று பெயர்.

இதற்கு இராப்பகல் இல்லாமல் சூரியனைப் பார்க்க வேண்டும். அதனால் 1995 முதல் உலகைச் சுற்றி ஆறு இடங்களில் ஒரே மாதிரிக் கருவிகளை வைத்திருக்கிறார்கள். கலிஃபோர்னியா, ஹவாய், ஆஸ்திரேலியா, கேனரித் தீவு, சிலி, அப்புறம் நம் உதய்ப்பூர். ஓரிடத்தில் பொழுது சாய்ந்தால் இன்னோரிடத்தில் விடிந்திருக்கும்.

அதிர்வியல் சொன்ன முதல் செய்தியே கணினிக்காரர்களுக்கு அடி. 1980களில் பீட்டர் கில்மனும் கேரி கிளாட்ஸ்மையரும் உருவாக்கிய கணினிச் சூரியன்களில் இடுப்பு சரியாக முந்தியது. ஆனால் டெய்லரின் தூண் விதிப்படி, சம வேகப் பகுதிகள் அச்சுக்கு இணையான குழாய்களாக, ஒன்றுக்குள் ஒன்று செருகிய டிபன் பாக்ஸ் மாதிரி இருந்தன. உண்மைச் சூரியனிலோ, மேற்பரப்பில் எந்த அட்சரேகையில் என்ன வேகமோ, போர்வையின் அடி வரைக்கும் பெரும்பாலும் அதே வேகம்தான். தூண் விதியை ஏதோ ஒன்று மீறியிருந்தது.

மீறியது வெப்பம். துருவம் நடுக்கோட்டைவிடத் துளி சூடாக இருந்தால் போதும், குழாய்கள் சாய்ந்து கூம்பாகிவிடும். எத்தனை சூடு? கோட்டிங்கன் ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி வெறும் 7 டிகிரி. இலட்சக்கணக்கான டிகிரியில் புழங்கும் இடத்தில் 7 டிகிரி, சூரியனின் சுழற்சி வரைபடத்தையே மாற்றி எழுதுகிறது. எந்தத் தொலைநோக்கியாலும் அதை நேரில் அளக்க முடியவில்லை.

இரண்டாவது செய்தி போர்வைக்குக் கீழே இருந்து வந்தது. கொதிப்பு முடியும் இடத்தோடு மாறுவேகமும் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே சூரியன் குயவர் சக்கரம் மாதிரி, ஏறத்தாழ 27 நாளுக்கு ஒரு சுற்று என்று ஒன்றாகவே சுற்றுகிறது. கொதிப்புதான் குற்றவாளி என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். இரண்டுக்கும் நடுவே மெல்லிய ஓர் அடுக்கில் வேகங்கள் ஒன்றோடொன்று உரசுகின்றன. ஸ்பீகலும் ஸானும் 1992இல் அதற்கு டாக்கோகிளைன் என்று பெயரிட்டார்கள். நாம் உரசல் அடுக்கு எனலாம். சூரியனின் காந்தப் புலம் முறுக்கேறும் இடங்களில் அதுவும் ஒன்று என்று பலர் கருதுகிறார்கள்.

கணினியில் தலைகீழான சூரியன்

கதை இங்கே சுபமாக முடிந்திருக்கலாம். ஆனால் 2012இல் ஷ்ரவண் ஹனசோகே, தாமஸ் டுவால், கட்டேபள்ளி சீனிவாசன் மூவரும் ஒலியலைகளைக் கொண்டு ஆழத்துக் கொதிப்பின் வேகத்தையே அளக்க முயன்றார்கள். பெரிய ஓட்டங்களில், மாதிரிகள் சொன்ன வேகத்தில் இருபதில் ஒரு பங்குகூடத் தென்படவில்லை. வேறு முறையில் அளந்தவர்களுக்கு அதைவிடக் கூடுதலான வேகம் கிடைத்தது. சண்டை இன்னும் ஓயவில்லை.

இது வெறும் எண் சண்டை இல்லை. முன் பகுதியில் நாம் போட்ட 23 நாள் கணக்கை நினைவில் கொள்ளுங்கள். ஓட்டம் அதைவிட வேகமாக இருந்தால் என்ன ஆகும்? சுழற்சியின் பிடி தளரும், வாழைச்சீப்பு கலையும், கொதிப்பு வெறும் கரண்டியாக மாறிவிடும். நம் தப்புக் கணக்கு பலித்துவிடும்: துருவம் வேகம், நடுக்கோடு மந்தம். கணினியில் சூரியனின் உண்மையான ஒளியையும் உண்மையான சுழற்சியையும் கொடுத்து ஓடவிட்டால் பலமுறை இப்படித்தான் தலைகீழாக வந்தது. சரியான விடை வர வேண்டுமானால் சூரியனைச் செயற்கையாக வேகமாகச் சுற்றவோ, ஒளியைக் குறைக்கவோ வேண்டியிருந்தது. நேர்மையாகப் போட்டால் தப்பு விடை, கொஞ்சம் ஏமாற்றினால் சரியான விடை!

2021இல் ஜப்பானின் ஹோட்டாவும் குசானோவும் ஃபுகாகு சூப்பர் கணினியில், போர்வையை 540 கோடிப் புள்ளிகளாகப் பகுத்து ஓட்டிப் பார்த்தார்கள். அத்தனை நுணுக்கமாகப் போனபோது, சிறு ஓட்டங்கள் முறுக்கி வளர்த்த காந்தப் புலம் கொதிப்பைவிட வலுவாகி அதற்கு மூக்கணாங்கயிறு போட்டது. எந்த ஏமாற்றும் இல்லாமல் இடுப்பு முந்தியது. பெரிய சாதனைதான். என்றாலும் அதில் வேலையைச் செய்தது வாழைச்சீப்பு மட்டும் இல்லை, காந்தப் புலமும்தான் என்பதை நான் கொஞ்சம் ஏமாற்றத்தோடு குறித்துக்கொண்டேன். அழகான விளக்கத்தை யாருக்கு விட மனம் வரும்?

வாழைச்சீப்பை இதுவரை யாரும் சூரியனில் தெளிவாகப் பார்த்ததில்லை. டேவிட் ஹாத்வேயும் குழுவினரும் 2013இல், பெருங்குருணைகள் நகரும் விதத்தைத் தொடர்ந்து கவனித்து, மாதக்கணக்கில் நீடிக்கும் மாபெரும் சுழிப்புகள் அடியில் இருப்பதைக் காட்டினார்கள். அவை சுழல் இருப்பை நடுக்கோட்டை நோக்கித் தள்ளுகின்றன. ஆனால் அவற்றில் நீளமானவை தெரிந்தது துருவங்களுக்கு அருகே, வாழைப்பழங்களை எதிர்பார்த்த நடுக்கோட்டில் இல்லை.

துருவம் என்று எழுதும்போதெல்லாம் ஓர் உறுத்தல் இருக்கிறது. சூரியனின் நடுக்கோடு பூமியின் பாதைக்கு 7 பாகைதான் சாய்ந்திருக்கிறது. அதனால் இங்கிருந்து பார்த்தால் துருவம் எப்போதும் விளிம்பில் நசுங்கியே தெரியும். 2020இல் ஏவிய சோலார் ஆர்பிட்டர் விண்கலம் தன் பாதையைச் சாய்த்துக்கொண்டு, 2025 மார்ச்சில் நடுக்கோட்டுக்கு 17 பாகை கீழிருந்து தென் துருவத்தைப் படமெடுத்தது. அந்தச் சாய்வு இன்னும் கூடப்போகிறது. புத்தகங்களில் நாம் பார்த்த 35 நாள் என்ற எண், அதுவரை விளிம்போரமாக எட்டிப் பார்த்தே எடுத்தது.